சோறு வரும் முன்பே போட்ட ஊசி

திருவனந்தபுரத்தில் புதிதாக வந்திருக்கும் தாய்லாந்து உணவகத்தில் உட்கார்ந்தால் முதலில் வருவது தண்ணீர் அல்ல, ஆவி பறக்கும் ஈரத்துண்டு. முகத்தைத் துடைப்பதா கையைத் துடைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் துடைத்தேன். எதிரில் மகள் ஆர்த்தி கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னை அழைத்துவந்ததே பரீட்சை வைக்கத்தான். அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. அவள் அம்மாவும் இறந்துவிட்ட நிலையில், இன்சுலின் போடுகிற நான் இந்த ஊர் ஸ்ரீவராகத்து வீட்டில் தனியாக இருந்துவிடுவேனா, இல்லை திருநெல்வேலியில் தம்பி வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டுமா என்பதே கேள்வி. எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். மனைவி போனதிலிருந்து எதிலும் மனம் ஒட்டுவதில்லை. இந்த ஒரு ஆசை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பரிமாறுகிறவர் பக்கத்திலுள்ள வித்துரா என்ற ஊர்க்காரர். நடுவயதுக்காரருக்குப் பட்டுச் சட்டை மாட்டித் தாய்லாந்துக்காரராக்கியிருந்தார்கள். "பஞ்சசார ஒண்ணிலும் வேண்டா" என்று, சர்க்கரையே கூடாதென, மலையாளத்தில் கண்டிப்பாகச் சொன்னேன். பச்சைக் குழம்பில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவார்களாம். அதுவும் கூடாது என்றேன். ஆர்த்தி முகத்தில் திருப்தி தெரிந்தது. அந்தத் தெம்பில் கழிவறைக்குப் போய் வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

நம் ஊர் ஓட்டல்களில் சாப்பிட்டுப் பழகிய உங்களுக்கு இந்த வழக்கம் புரியும். திருநெல்வேலியிலிருந்து இங்கே தம்பானூரில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுத வந்தவன் நான். மதியச் சாப்பாடு பக்கத்து ஓட்டலில். உட்காருவதற்குள் இலை விழும், சட்டைக் கையை மடிப்பதற்குள் சோறு விழும். இன்சுலின் வந்த பிறகும் அந்தக் கணக்கில்தான் ஊசி போட்டேன். வீட்டிலும் மனைவி தட்டை வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். இங்கேயோ, நாம் சொன்ன பிறகுதான் விழுதையே அரைக்கத் தொடங்குகிறார்கள்.

ஆர்த்திக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேச வெளியே போனாள். சாப்பாடு வரவில்லை. ஏசி குளிரில் எனக்கு வியர்த்தது, உதடு மரத்தது, கை ஆடியது. சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்தது. பயம் வரவில்லை. வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. ஆனாலும் பரிமாறுகிறவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

"கொறச்சு பஞ்சசார தரூ."

அவர் சிரித்தார். "சார் தன்னெயல்லே வேண்டான்னு பறஞ்ஞது? சோதிச்சாலும் கொடுக்கருதுன்னு மோளும் பறஞ்ஞிட்டா போயது."

கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அவளும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளாம். அப்பனும் மகளும் சேர்ந்து எவ்வளவு பக்காவாகக் காவல் போட்டிருக்கிறோம்! விளக்கலாம் என்றால் மலையாளம் வாயில் வரவில்லை. "எய்யா, மயக்கமா வருதுய்யா" என்று திருநெல்வேலித் தமிழ்தான் வந்தது. "மோள் வழக்கு பறயும் சாரே" என்று அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். மகள் திட்டுவாளாம். அதற்குள் ஆர்த்தி வந்து, என் முகத்தைப் பார்த்து, ஜூஸ் கொண்டுவரச் சொல்லிக் கத்தினாள்.

ஜூஸ் உள்ளே போய், நடுக்கம் நின்ற பிறகு, கேட்டிருந்த நூடுல்ஸ் வந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. தம்பிக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள்.

"அங்க யாருண்ணே இருக்கா உங்களுக்கு? வந்துருங்க. மாடி ரூமுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிருதேன்."

"சரி" என்றேன். வாதாடியிருக்க வேண்டும். வாதாடத் தோன்றவில்லை.

வித்துராக்காரர் மன்னிப்புக் கேட்க வந்தார். அப்பாவைச் சொந்த ஊருக்கே அனுப்பப்போகிறோம் என்று ஆர்த்தி அவரைச் சமாதானப்படுத்தினாள். "சாரமில்ல சேட்டா. அச்சனெ நாட்டிலேக்கு விடுகயா."

"அச்சன்றெ நாடு எவிடெயா?"

"திருநெல்வேலி."

யோசிக்காமல் சொன்னாள். அவள் பிறந்தது இந்த ஊரில். அவளுக்கு நாடு இதுதான். என்னிடம் யார் கேட்டாலும் இத்தனை வருஷமாக ஸ்ரீவராகம் என்றுதான் சொல்லிவந்தேன். திருநெல்வேலியில் தம்பியின் பேரப்பிள்ளைகளுக்கு நான் மலையாளத்துத் தாத்தா. வருத்தம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது. நூடுல்ஸின் புளிப்பு மட்டும்தான் தெரிந்தது.

அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தார். "சார் இனி எந்நா மடங்ஙி வருந்நெ?"

எப்போது திரும்பி வருவேன் என்று அவர் கேட்டதும் ஆர்த்தி குனிந்து தன் தட்டைப் பார்த்தாள்.

"வேகம் வராம்" என்றேன், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று, சுத்தமான மலையாளத்தில்.