சிவக்காமல் உருகுவது

சித்தப்பாவுக்கு வார்ப்பிரும்பு என்றால் உயிர். ஆயுசில் பாதியை வார்ப்படப் பட்டறையில் கழித்தவர். ஓய்வுபெற்றதும் வீட்டில் கை சும்மா இருக்காமல் என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்துவிட்டார். நான் பார்ப்பது பியூட்டர் குவளைகளும் தட்டுகளும். பெரும்பாகம் வெள்ளீயம், மெத்தென்ற உலோகம். சாவியால் கீறினால் கோடு விழுகிற இதெல்லாம் ஒரு உலோகமா என்பார். கீழே போட்டால் உங்கள் இரும்பு உடையும், என்னுடையது நசுங்கும், தட்டி நிமிர்த்திவிடுவேன் என்று நானும் விடமாட்டேன்.

ஒருநாள் தையல்கார அம்மா கைப்பிடி கழன்ற பியூட்டர் குவளையோடு வந்தார். அதன் பக்கவாட்டில் ஒரு பள்ளம். ஏதோ சண்டையில் அவர் கணவர் அடுப்பின் மேல் எறிந்தாராம். அடுப்பின் வார்ப்பிரும்பு மூடி தரையில் விழுந்து பிளந்தது. குவளைக்கு இந்தப் பள்ளம் மட்டும். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தில் பெருவிரலை வைத்துத்தான் குடிப்பாராம் மனுஷன். போன வருடம் இறந்துவிட்டார். பள்ளத்தை மட்டும் நிமிர்த்திவிடாதே என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்தும் சொன்னார்.

நான் சாப்பிடப் போன நேரத்தில், எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துச் சித்தப்பா கைப்பிடியை ஒட்டவைக்க கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். இரும்பு முதலில் சிவக்கும், பிறகுதான் உருகும். பழக்க தோஷம், சிவக்கட்டும் என்று காத்திருந்தார். பியூட்டர் அப்படியெல்லாம் சொல்லிவிட்டுப் போகாது. நிறம் மாறாமலே பொசுக்கென்று சரிந்துவிடும். நான் வந்தபோது மேஜையில் தட்டையான ஒரு கட்டிதான் கிடந்தது. பெரியவர் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

அவர் பூசி மெழுகவில்லை. கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குத் தானே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன். இரும்புன்னே நெனச்சு காய்ச்சிட்டேன்."

அந்த அம்மா கட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, வேறெதையும் கலக்காமல் இதையே குவளையாக ஊற்ற முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

சித்தப்பாவின் இரும்புச் சட்டியில்தான் உருக்கினேன். அதற்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. அவர் டார்ச் பக்கமே வராமல் தள்ளி நின்றார்.

வாங்க வந்த அம்மா புதுக் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. விரல் எங்கும் நிற்கவில்லை. சட்டென்று கையை ஓங்கி அதைக் கடைமூலையில் இருந்த பட்டறைக்கல்லின் மேல் எறிந்தார். சித்தப்பாதான் குனிந்து எடுத்துக் கொடுத்தார். புதுப் பள்ளத்தில் அந்த அம்மாவின் பெருவிரல் போய் உட்கார்ந்தது.

"அன்னைக்கு அவர் எறிஞ்சார். இன்னைக்கு என் முறை."