அக்காவின் மண்ணீரல்

எழுபதுகளில் ஒரு மாங்காய்க் காலம் முடிந்த கையோடு அக்காவுக்கு வயிறு பெருத்தது. பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள், இந்த வயதில் பிள்ளையா என்று கேலி பேசினார்கள். முகம் வெளுக்க வெளுக்கக் கேலி நின்றது. உடம்பில் ரத்தம் இல்லை என்று அக்காவின் புருஷன், என் மாமா, ஞாயிறுதோறும் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வருவார். நான் அதைத் தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தடவிக் கொடுப்பேன். அதைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அக்காவுக்கு ஒரு வாய் இறங்காது.

கடைசியில் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனோம். சினைப்பையில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். வயிற்றைத் திறந்த பிறகு டாக்டரம்மா வாய்த்துணியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். பிளீஹாவிலும் பரவியிருக்கிறது என்று மலையாளத்தில் சொன்னார். அதை எடுத்தால் ரத்தப்போக்கில் மேசையிலேயே போய்விடலாம். எடுக்காவிட்டால் சில மாதம்தான். பிளீஹா எங்களுக்குப் பிடிபடவில்லை. கூட நின்ற ஆயா நம் பக்கத்துத் தமிழ்க்காரி.

"மண்ணீரலுங்க. கறிக்கடையில சுவரொட்டிம்பாங்கல்ல, அது."

மாமா எழுந்தே விட்டார். "அதையா? ரத்தம் ஊறறதே அதுலதானுங்க! அதையும் அறுத்துட்டா அவ எப்படிப் பொழைப்பா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"எடுங்க," என்றேன்.

"நீ ஆரு அம்மிணி சொல்றதுக்கு? தாலி கட்டுனவன் நானிருக்கறேன்."

"உங்களுக்கு முந்தி எனக்கு அவளைத் தெரியுமுங்க மாமா. வயித்தைத் தொறந்து போட்டுட்டு நாயம் பேசற நேரமுங்களா இது?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னமோ பண்ணுங்க."

அக்கா பிழைத்தாள். மா பூத்ததைப் பார்த்தாள், காயையும் பார்த்தாள். லாரியில் மாங்காய்க் கூடை ஏற்றுகிறவர்களை ஏசும் அளவுக்குக் குரல் திரும்பியது. கொஞ்சம் அசந்து உட்கார்ந்தால் போதும், மாமா தொடங்கிவிடுவார்.

"ரத்தம் ஊறற எடத்தையே அறுத்தெறிஞ்சுட்டா உந்தங்கச்சி."

"உங்களுக்குத்தான் முழுசா இருக்குதுங்களே. அதுல கொஞ்சம் குடுக்கறது?" என்பாள் அக்கா. அவர் சிரித்ததில்லை.

அடுத்த பூ வருமுன் வயிறு மறுபடி வீங்கியது. இனித் திறந்து பயனில்லை என்றார்கள்.

சாவு வீட்டில், நான் அறுக்கச் சொன்னதால்தான் போனாள் என்று மாமா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். யாரிடமும் நின்று விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. குளிப்பாட்டப் பெண்கள் கூடியபோது செம்பை நான் வாங்கிக்கொண்டேன். நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை தழும்பு. மஞ்சள் பூசும்போது விரலால் தடவிப் பார்த்தேன். நன்றாக ஆறியிருந்தது.