அத்தை வீட்டில் கை நனைத்த நாள்

வாடகை அம்பாசிடரின் ரெக்சின் சீட் வெயிலில் காய்ந்து, பாவாடைக்கு வெளியே தெரிந்த காலில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் அசைந்தாலும் தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். பெட்ரோல் வாடையும் டிக்கியில் இருந்த மாம்பழக் கூடையின் வாசனையும் சேர்ந்து, கும்பகோணம் தாண்டுவதற்குள் எனக்குக் குமட்டியது. எனக்கு அப்போது பத்து வயது. கோடை லீவுக்கு வேளாங்கண்ணிக்குப் போய்க் கடல் பார்க்கப் போகிறோம், வழியில் நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர்களையும் வேண்டியவர்களையும் ஒரு எட்டு பார்த்துவிடுவோம் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்குக் கடல்தான் முக்கியம். அப்பாவுக்கு வழியில் இருந்த வீடுகள்தான் முக்கியம்.

அக்காவுக்கும் அத்தை மகன் சேகர் அத்தானுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அக்கா பிறந்த அன்றைக்கே பேசிய பேச்சு அது. ஆனால் அந்த வருஷம் தை அறுவடையில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அது கூலிச் சண்டைக் காலம். ஆட்சி மாறி, டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடியும், தெரு முனைக்குத் தெரு முனை சிவப்புக் கொடியும் பறந்துகொண்டிருந்தன. அறுப்புக்கு வருகிறவர்கள் கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். கொடுப்பதில்லை, வெளியூர் ஆளை இறக்கி அறுப்பது என்று மிராசுதார்கள் கூடி முடிவெடுத்தார்கள். அப்பா மட்டும் சரியென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் ஒன்றும் பெரிய புரட்சிக்காரர் இல்லை. பருவம் தப்பிய மழையில் கதிர் சாய்ந்து கிடந்தது, வயலிலேயே முளைத்துவிடுமோ என்ற பயம், அவ்வளவுதான். கேட்டவர்களும் எங்கள் வயலைத் தலைமுறையாக அறுத்தவர்கள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பது எனக்கே பின்னால்தான் புரிந்தது.

எங்கள் ஊரில் கொடுத்ததைச் சொல்லி மற்ற ஊர்களிலும் கேட்டார்கள். அத்தை வீட்டுக்காரரான மாமா மறுத்து வெளியூர் ஆளை இறக்க, அடிதடியாகி, போலீஸ் வேன் வந்து, யார் தீ வைத்தார்களோ, அவருடைய வைக்கோல் போர் எரிந்து சாம்பலாகிவிட்டது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் யாரும் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

எங்கள் பக்கத்தில் உறவு இருக்கிறதா அறுந்துவிட்டதா என்பதை யாரும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். ‘கை நனைக்கிறது’ என்று ஒன்று உண்டு. மனஸ்தாபம் உள்ள வீட்டுக்குப் போகலாம், தண்ணீர் குடிக்கலாம், காப்பிகூடக் குடிக்கலாம். ஆனால் இலை போட்டு, உட்கார்ந்து, சோற்றில் கை வைத்துவிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம். இலை போடாமல் அனுப்பினால் தீரவில்லை. அப்பாவின் திட்டம் இதுதான்: ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நிற்பது. கடைசியில் அத்தை வீட்டில் கை நனைத்துவிட்டால் அக்கா கல்யாணம் நிச்சயம்.

“கல்யாணப் பொண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது முறையாங்க?” என்று அம்மா கேட்டார்.

“அத்தை வீடுதானே? இவளைப் பார்த்துட்டு என் தங்கச்சி இலை போடாம இருந்துருவாளா?” என்றார் அப்பா.

வழிக்குக் கட்டுச்சோறு எடுக்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது சோற்றைக் கட்டிக்கொண்டு போவது, உங்கள் வீட்டில் சோறு கிடைக்காது என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்பது அம்மாவின் கட்சி. காலையில் வெறும் காப்பியோடு கிளம்பினோம். நீடாமங்கலத்தில் அப்பாவோடு படித்த சிநேகிதர் வீட்டில், அவர் செருப்பு வாசலிலேயே கிடக்க, “அவங்க வெளியில போயிருக்காங்க” என்று அவர் மனைவி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். மன்னார்குடியில் அம்மாவின் சித்தப்பா வீட்டில் வாங்க வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள், மின்விசிறியைப் போட்டார்கள், என் படிப்பைக் கேட்டார்கள், கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள், மத்தியானம் போய்க்கொண்டே இருந்தது, உள்ளேயிருந்து ஒரு இலைகூட வரவில்லை. மாம்பழத்தை மட்டும் இரண்டு வீட்டிலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

தெருமுனையில் ஒரு கிளப் கடை இருந்தது. நான் அதையே பார்த்தேன்.

“சித்தப்பா வீடு இருக்கிற ஊர்ல நாம கிளப்புல சாப்பிட்டோம்னு தெரிஞ்சா அவருக்கு எவ்வளவு அவமானம்?” என்று அப்பா காரில் ஏறினார். இலை போடாத மனிதரின் மானத்தை இவர் காப்பாற்றினார். இதற்கு யாரிடம் போய் அழுவது? எனக்கு அழுகையும் வரவில்லை. பசி ஒரு கட்டத்துக்கு மேல் வலிப்பதில்லை, காது அடைத்துக்கொள்ளும். அறுத்து முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தன. அக்கா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருந்த அத்தை வீட்டுக்குப் போனபோது வெயில் இறங்கிவிட்டது. கூடத்தில் மாமாவும் சேகர் அத்தானும் இருந்தார்கள். அத்தான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்தார், நாங்கள் இருந்தவரை இறக்கவில்லை. மாமா உட்காரச் சொன்னார். வைக்கோல் போரைப் பற்றிப் பேசினார், அறுப்புக்கு ஆள் வராததைப் பற்றிப் பேசினார்.

“நீங்க போட்ட கையெழுத்து உங்க ஊரோட நிக்கலை மச்சான்,” என்றார். “அதுக்கு நாங்க அழுவுறோம்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே வற்றல் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. அத்தை சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, புருஷன் ஒரு வார்த்தை சொல்வாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா சொல்லவில்லை.

அக்கா எழுந்தாள். கூடத்தைத் தாண்டி நேராக அத்தையிடம் போய், “அத்தை, பசிக்குது. சோறு போடுங்க,” என்றாள். அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் மாமியார் ஆகப்போகிறவரிடம் அப்படிக் கேட்க மாட்டாள். அத்தை அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அடுப்படியில் எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டு, சோற்றை அள்ளி வைத்தார் அத்தை. நான் அள்ளி அள்ளித் தின்றேன். அக்கா இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். அப்போது அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“நல்லாச் சாப்பிடு கண்ணு. சேகருக்கு வேற இடத்துல பாக்கு மாத்தியாச்சு. எல்லாம் பேசி முடிச்சிட்டுத்தான் எனக்கே சொன்னாங்க.”

அக்காவின் கை இலையிலேயே நின்றது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. பிறகு சோற்றைப் பிசைந்தாள். குழம்புச் சோற்றை முடித்தாள், ரசம் கேட்டு வாங்கினாள், “மோர் இருக்கா அத்தை?” என்றாள். அத்தை மோரை ஊற்றும்போது இலையைத் தாண்டித் தரையிலும் ஊற்றினார். அக்கா இலையை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டாள், கையைக் கழுவினாள், கூடத்துக்கு வந்து, “போகலாம்பா,” என்றாள்.

காரில் அம்மாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. “கை நனைச்சாச்சுல்ல. இனிமே யார் நெனைச்சாலும் மாத்த முடியாது. என் பொண்ணு கெட்டிக்காரி,” என்று அக்காவின் தலையைத் தடவித் தடவி விட்டார். அக்கா தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் வாய் திறக்கவில்லை. வேளாங்கண்ணியில் அம்மா சிறு பெண்போலப் புடவையைத் தூக்கிக்கொண்டு அலையில் நின்றார். நான் அவ்வளவு ஆசைப்பட்ட கடல் எனக்கு நினைவிலேயே இல்லை.

சேகர் அத்தானுக்கு வேறு இடத்தில் நிச்சயமான சேதி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா அழவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, “உனக்கு அன்னிக்கே தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா சாப்பிட்டே?”

“பசிச்சுது.”

அம்மா அக்காவின் கையைப் பார்த்தார். “மோர் வரைக்கும் போட்டாளா?” என்றார். “போட்டாங்க,” என்றாள் அக்கா. அம்மா எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. அக்காவுக்கு மறு வருஷமே திருச்சியில் கல்யாணம் ஆகி, நன்றாகத்தான் இருக்கிறாள்.

இப்போது யாரும் யார் வீட்டிலும் கை நனைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அரைப்படிச் சண்டை போட்ட வயல்களில் மெஷின் இறங்கி அறுக்கிறது. அத்தையும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன லீவில் அக்காவையும் ஏற்றிக்கொண்டு என் மகன் காரில் அதே ரோட்டில் போனோம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஏசி போட்ட ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோது, “பெரியம்மா, இந்தப் பக்கம் நம்ம சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? இருந்தா ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்,” என்றான் அவன். சேகர் அத்தான் அந்த வீட்டில்தான், தனியாக, இன்னும் இருக்கிறார். காரில் போனால் பத்து நிமிஷம்கூட ஆகாது.

“யாரும் இல்லப்பா,” என்றாள் அக்கா. “நீ சாப்பிடு.”