பதினேழாம் நம்பர் கல்

எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிடக் கெட்ட பழக்கம், கோபம் வந்தால் கத்தாமல் கேலி பேசுவது. கத்துகிறவனைப் பார்த்தால் அவன் கோபத்தில் இருக்கிறான் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். கேலி பேசுகிறவன் சொல்வதைச் சிலர் அப்படியே நம்பிவிடுவார்கள். எங்கள் ஊர் மைதானத்தில் ஒரு மூலை குறைந்துபோனது இதனால்தான். அந்தப் பழியைச் சில வருஷம் நான் வேறொருவர் தலையில் போட்டிருந்தேன்.

பாறசாலைக்குத் தெற்கே, ரோட்டை ஒட்டி, பழைய சந்தை கூடிய இடம் ஒன்று கிடந்தது. சந்தை வேறிடத்துக்கு மாறியபிறகு அங்கே ஆடு கட்டினார்கள், ஓலை காயப்போட்டார்கள், சாயங்காலம் பந்து விளையாடினார்கள். கோயில் திருவிழாவுக்கும் சபையின் அறுப்பின் பண்டிகைக்கும் பந்தல் அங்கேதான். எல்லைப் போராட்டம் சூடுபிடித்த நாட்களில் கூட்டங்களும் அங்கேதான் நடந்தன. ஒருநாள் தெற்கே தமிழ்ப் பக்கத்தோடு சேரவேண்டும் என்பவர்கள் மேடை போடுவார்கள், அடுத்த வாரம் வடக்கே மலையாளப் பக்கத்தோடு இருந்தால் போதும் என்பவர்கள் போடுவார்கள். மேடைக்குத் தோண்டிய குழியை மூடாமல் போவதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒற்றுமை இருந்தது.

நான் திருவனந்தபுரத்தில் நில அளவை படித்துவிட்டு வந்து பஞ்சாயத்தில் ஓவர்சியராக இருந்தேன். அந்த இடத்தை ஒழுங்குபடுத்த ஒரு பிளான் போடும்படி பிரசிடெண்ட் என்னிடம் சொன்னார். நான் சொந்தமாகப் போட்ட முதல் பிளான் அது. சுற்றிலும் நடைபாதை, நடுவில் விளையாட இடம், இடவப்பாதி மழைத் தண்ணீர் தேங்காமல் போக ஓடை, தெற்கு மூலையில் கிணற்றைச் சுற்றி நான்கு சிமெண்ட் பெஞ்சு, இரண்டு வாகை மரம். எனக்கு முக்கியம் அந்த மூலைதான். தலைச்சுமையோடு வரும் பெண்களும் தண்ணீர் எடுக்க வருகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் அங்கேதான் நிற்பார்கள், உட்கார ஒரு திட்டுகூடக் கிடையாது. கர்ப்பமாக இருந்த என் மனைவியே ஒருநாள் அங்கே பஸ்ஸுக்கு நின்று வெயிலில் தலைசுற்றி விழுந்திருக்கிறாள். பெஞ்சும் நிழலும் வரும் என்று நான் அங்கே நின்ற பெண்கள் எல்லாரிடமும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கமிட்டியில் பிளானை விரித்ததும் முதல் கேள்வி, வாசல் எந்தப் பக்கம் என்பது. நாகர்கோவிலைப் பார்த்து வைத்தால் ஒரு கட்சிக்காரன் ஆகிவிடுவோம், திருவனந்தபுரத்தைப் பார்த்து வைத்தால் மறு கட்சிக்காரன் ஆகிவிடுவோம். கடைசியில் வாசல் கிழக்கே போனது. பெயர்ப்பலகையில் தமிழா மலையாளமா என்று இரண்டு கூட்டம் பேசிவிட்டு, ஒன்றும் எழுதாத பலகை ஒன்றை வைக்கத் தீர்மானித்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஒரு மெம்பர் எழுந்து, "இந்த மரம் நெழல் தாறதுக்குள்ள நாம எந்தச் சர்க்காருக்க கீழ இருப்போமோ? யாருக்குவேண்டியாக்கும் மரம் நடுயது?" என்று கேட்டார். "ஒங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும்போ அது எந்தச் சர்க்காருக்க வெயில்ணு கேட்டா நிக்குதீங்க?" என்றேன். பிரசிடெண்ட் என் காலை மேசைக்கடியில் மிதித்தார்.

நானும் தெற்கோடு சேரவேண்டும் என்ற கட்சிதான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு சின்ன மைதானத்துக்கு எதற்கு இவ்வளவு ராஜ்ய விவகாரம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊர்க் கொப்பரை வியாபாரி அந்த இடத்தைத் தன் பேருக்குப் புதுவல் பதிந்து தரும்படி மனுப் போட்டிருந்தார். சர்க்கார் புறம்போக்கைத் தனியாளுக்குப் பதிந்து கொடுப்பதைத்தான் எங்கள் பக்கம் புதுவல் என்பார்கள். கொப்பரை காயப்போட ஒரு களமும் ஷெட்டும் கட்டுவது அவர் திட்டம். தாசில்தார் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாக இருந்தது. பஞ்சாயத்து கல் நட்டு அளந்து வைத்திருந்தால் அது பொது இடம், இல்லாவிட்டால் வெறும் தரிசு. அதனால் அவர் வரும் நாளுக்கு முன்பே முப்பத்திரண்டு கற்களை வரவழைத்துச் சுற்றிலும் நட்டேன். முழங்கால் உயரக் கருங்கல். தூரத்திலிருந்தே தாசில்தார் கண்ணில் படட்டும் என்று சுண்ணாம்பு அடித்து, ஒவ்வொன்றிலும் தாரால் நம்பர் எழுதினேன். அவ்வளவு வெள்ளையாக அடித்திருக்க வேண்டாம்.

ஏனென்றால் அந்த வாரம்தான் ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. எல்லை பிரிக்க ஆள் வருகிறார்கள், கல் போடப் போகிறார்கள், கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், அந்தப் பக்கம் ஒரு சர்க்கார். நான் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தபோது போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, கல் எதற்கு என்று கேட்டார்கள். முதல் பத்துப் பேருக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். உச்சி வெயில், சங்கிலி சிக்கிக்கொண்டது, பதினேழாம் நம்பர் கல் சாய்ந்துபோய் இரண்டாம் தடவை நட வேண்டி வந்தது. அது கிணற்று மூலைக் கல்.

கிணற்றுக்கு எதிரே ஒரு அக்கா தனியாக இருந்தாள். புருஷன் இறந்துவிட்டான். மரச்சீனிக் கிழங்கைக் கடவப் பெட்டியில் அடுக்கித் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுத்தான் மகளைக் கட்டிக்கொடுத்தாள். மகள் வீடு களியக்காவிளை தாண்டி ஒரு மைல். வாராவாரம் அங்கே போய்வருவாள். அப்போது மகளுக்கு முதல் பிரசவ மாதம். அக்கா குடத்தோடு வந்து நின்று, "இது என்னத்துக்குள்ள கல்லு மக்கா?" என்றாள்.

"எல்லைக் கல்லாக்கும்" என்றேன். "ஒங்க வீடு இந்தச் சர்க்காரு, கெணறு அந்தச் சர்க்காரு. நாளைலேந்து தண்ணி கோர பாஸ் வாங்கணும்."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல்தான் சொன்னேன், அதுதான் என் வழக்கம்.

"அப்பம் எனக்க மவளுக்க வீடு?"

"அது அந்தப் பக்கம்லா. சீட்டு இல்லாம ஒருத்தரையும் விடமாட்டான்."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் எடுக்காமலே போனதை நான் கவனித்தேன். கவனித்தும் கூப்பிடவில்லை, கல்லை நிமிர்த்துவதில் இருந்தேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் மைதானத்தில் ஒரு கல்கூட இல்லை. முப்பத்திரண்டு குழிகள் மட்டும் இருந்தன. வியாபாரியின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கொஞ்ச தூரம் வடக்கே நடந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தெற்கோடு சேர ஆசைப்பட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கல்லைப் பிடுங்கி, தங்கள் வீடு தமிழ்ப் பக்கத்தில் விழும்படி வீட்டுக்கு வடக்கே கொண்டுபோய் நட்டிருந்தார்கள். வடக்கோடு இருக்க ஆசைப்பட்டவர்கள் வீட்டுக்குத் தெற்கே நட்டிருந்தார்கள். ஒரு கல் அன்னாசித் தோட்டத்தில் நின்றது. இன்னொன்று கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் நின்றது, இறந்துபோன அப்பனையும் சேர்த்துத் தமிழ்ப் பக்கம் கொண்டுவந்துவிட்டான் அந்தப் புண்ணியவான். ஒரே வேலிக்குள் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், அண்ணன் வடக்கே நட்டதைத் தம்பி பிடுங்கித் தெற்கே நட, நான் போகும்போது இருவரும் ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலையில் அடித்துக்கொண்டேன். தாசில்தார் வருவது அன்றைக்கு மத்தியானம். ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து வீடுவீடாகப் போனேன். இது எல்லைக் கல் இல்லை, மைதானத்துக் கல் என்று விளக்கி விளக்கித் தொண்டை கட்டிவிட்டது. எல்லாரும் வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "எலே, அப்பம் ஒருத்தனாவது கேட்டுட்டுச் செய்யப்பிடாதா?" என்று ஒருவரிடம் கத்தினேன். "கேட்டாளே! எல்லைக் கல்லுண்ணு ஓவர்சியரே செல்லியதாட்டுல்லா அந்தக் கெணத்தடி அக்கா சென்னா" என்றார். அதற்குமேல் நான் யாரிடமும் கத்தவில்லை.

முப்பத்தொன்று கிடைத்தது. பதினேழு மட்டும் இல்லை. அக்கா வீட்டில் கேட்கலாம் என்று போனால் கதவு பூட்டியிருந்தது. விடியும் முன்பே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், கடவத்தில் நல்ல சுமை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மரச்சீனி கொண்டுபோகிறாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். கிணற்று மூலையில் ஒரு கம்பை நட்டு, சிவப்புத் துணி கட்டினேன்.

தாசில்தார் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் சட்டத்தை விட்டு ஒரு அடி நகராதவர். கல் கல்லாகப் பார்த்து வந்து கம்பின் முன்னால் நின்றார். "கல்லெவிடெ?" என்றார். காணாமல் போன கதையைச் சொன்னேன். கூடவே வந்த கொப்பரை வியாபாரி, "அவிடெ கல்லு இல்லாயிருந்நு சாறே" என்றார் பணிவாக, அங்கே கல்லே இருந்ததில்லை என்று. தாசில்தார் என்னைப் பார்த்து, "கம்பு கல்லாகுமோ?" என்றார். பிறகு என் பிளானை வாங்கி, பதினாறாம் கல்லிலிருந்து பதினெட்டாம் கல்லுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போட்டார். மைதானம் பொது இடம் என்று எழுதினார். கோட்டுக்கு வெளியே விழுந்த மூலை, கிணற்றோடு சேர்த்து, வியாபாரிக்குப் புதுவல் ஆயிற்று.

பிரசிடெண்ட் எனக்கு ஆறுதல் சொன்னார். மைதானம் கிடைத்ததே பெரிய காரியம், மூலை போனால் போகட்டும் என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. வியாபாரிதான் பதினேழைத் திருடினார் என்று முடிவு கட்டிவிட்டேன். மற்ற கல்லெல்லாம் வந்தது, அவருக்கு வேண்டிய கல் மட்டும் எப்படிக் காணாமல் போகும்? டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவரைக் கல் திருடன் என்றேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அதையும் குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்தேன். அவர் மகள் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து அழைத்தார், நான் போகவில்லை.

ஷெட் எழும்பியது, சுற்றிலும் மதில் வந்தது. முதலில் காலை வேளையில் பெண்களைத் தண்ணீர் எடுக்க விட்டார்கள். நான் அவரைத் திருடன் என்று சொன்னபிறகு அதுவும் நின்றது. அக்கா அரை மைல் நடந்து வேறு கிணற்றில் தண்ணீர் எடுத்தாள். குடத்தோடு அவள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வியாபாரி மேல் புதிதாகக் கோபம் வரும். "ஒரு நாளு அந்த மொதலாளிய உண்டு இல்லைனு ஆக்குதேன் பாருங்க" என்பேன். "போட்டு மக்கா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவாள். ஒரு தடவைகூட அவள் வியாபாரியைத் திட்டியதில்லை. இவ்வளவு பொறுமை ஆகாது என்று அவள் மேலும் எனக்கு எரிச்சல்தான்.

பிறகு எல்லை நிஜமாகவே வந்தது. எங்கள் ஊருக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் விழுந்தது. நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். தெற்கே பட்டாசு வெடித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் பஸ் வழக்கம்போல ஓடியது. பாஸும் இல்லை, சீட்டும் இல்லை. மரச்சீனிக் கடவங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தன.

இரண்டு மழைக்காலம் கழித்து அக்காவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் தோட்டத்தின் பின்பக்கமாக நுழைந்தேன். தெற்கு வேலி ஓரம், வாழைக்கு நடுவில், முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல் நின்றது. சுண்ணாம்பு முக்கால்வாசி போயிருந்தது. தார் போகவில்லை. பதினேழு என்று என் கையெழுத்தில் இருந்தது.

மகள் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள். "அது அம்மை கொண்டுவந்ததாக்கும் அண்ணே. நான் மாசமாட்டு இருக்கும்போ, ஒரு நாளு காலத்த, கடவத்துக்க உள்ள வச்சி மேல மரச்சீனிய அடுக்கித் தலையில எடுத்துட்டு வந்தா. இஞ்ச நட்டிட்டு, இனி நீயும் நானும் ஒரே பக்கமாக்கும், பேறுக்கு நான் வாறதுக்கு ஒருத்தன்கிட்டயும் சீட்டு கேக்கண்டாம்ணு சென்னா. அம்மைக்குக் கிறுக்கு."

ஊரே வீட்டுப் பக்கத்தில் கல் நட்டது. இவள் மட்டும் மகள் வீட்டையும் தாண்டிக்கொண்டு வந்து நட்டிருக்கிறாள். மூன்று மைல் இருக்கும், அந்தக் கனத்தோடு.

உள்ளே அக்கா கட்டிலில் படுத்திருந்தாள். நான் வந்த வழியை அவளால் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க முடியும். "கண்டியா மக்கா?" என்றாள். "கெணறு போனது அதுனாலதான்னு அந்நே தெரிஞ்சு. ஒனக்ககிட்ட செல்ல வெட்கமாட்டு இருந்து. மொதலாளி மேல பழி விழுந்தும் நான் வாய தொறக்கல்ல. அது பெரிய பாவம்."

"பாவம் எனக்காக்கும்" என்றேன். "நான் சொன்னது கேலி அக்கா. வெயில்ல கோவம் வந்து சொன்னேன்."

"அது பெறவு தெரிஞ்சு. அந்நைக்குத் தெரியல்லியே."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மகள் என்னவோ ஏதோ என்று கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். கல்லை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று அக்கா சொன்னாள். மைதானத்தில் அதற்கு இடம் இல்லை என்றேன். அது உண்மையும்கூட.

திரும்பும்போது தொழில் பழக்கத்தில் கல்லைக் குனிந்து பார்த்தேன். கொஞ்சமும் சாயாமல் நின்றது. நான் இரண்டு தடவை நட்டும் நிமிராத கல். அதன்படி பார்த்தால் அவள் வீடு, மகள் வீடு, மைதானம், கிணறு, கொப்பரை ஷெட், எல்லாம் ஒரே பக்கம்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்குப் போகாமல் வியாபாரி வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "கல் கெடச்சாச்சு மொதலாளி" என்றேன்.