பயர் ஆபீசுக்குப் பக்கத்து மனை

இடம் வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கப் போவார்கள். எங்கள் தெருவில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. போன மாதம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை, இரண்டு பிள்ளைகள். அவள்தான் அப்படி ஒரு கேள்வி கேட்டாள்.

“பெரியம்மா, நீங்க மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சா, எங்கன வாங்குவீக?”

நான் அவளுக்குக் காப்பி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. எங்கே வாங்குவேன் என்று சொல்வது எளிது. எதனால் என்று சொல்ல வேண்டுமானால் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போனவள் நான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறதே நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்துப் படித்துக்கொண்டதுதான். அவசரம் இல்லை.

என் வீட்டுக்காரர் மகள் நடக்கத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் தீப்பெட்டி ஆபீசை விட்டுப் பயர் ஆபீசில் சேர்ந்தேன். வெளியூர்க்காரர்கள் பட்டாசு ஆலை என்பார்கள். எங்களுக்கு அது பயர் ஆபீஸ். அங்கே பெட்டி கட்டுகிற கொட்டகையில் எனக்கு வேலை, செட்டு என்போம். காலையில் வேன் வரும், ஏறுவோம். சாயங்காலம் கை முழுக்க அலுமினியப் பொடி மினுங்க இறங்குவோம்.

சிறுகச் சேர்த்து சூலக்கரைப் பக்கம் ஒரு மனை வாங்கினேன். அப்போது அங்கே வேலிக்கருவையைத் தவிர ஒன்றும் கிடையாது. “கருவை வெட்டிக் கரிமூட்டம் போடப் போறியாக்கும்?” என்று செட்டில் சிரித்தார்கள். பத்து வருடத்தில் அந்தப் பக்கம் ரோடு வந்தது, தெருவிளக்கு வந்தது, வீடுகள் வந்தன. விற்று, இப்போது இருக்கிற இந்த வீட்டைக் கட்டினேன். சிரித்தவர்கள் எல்லாம் என்னிடமே யோசனை கேட்க வந்தார்கள்.

அதில் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே நிமிர்ந்துவிட்டது. மண்ணைக் கையில் எடுத்தால் கரிசலா செவலா, கடைக்கால் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று சொல்வேன். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து, போர் போடலாமா வேண்டாமா என்று சொல்வேன். சார்பதிவாளர் ஆபீசில் மற்ற பெண்கள் பெருவிரலை மையில் தோய்க்கும்போது நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடுவேன். கொஞ்சம் நேரம் எடுத்தே போடுவேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

அடுத்த மனை அப்படித்தான் வந்தது. நான் வேலை பார்த்த பயர் ஆபீசின் மேற்கு வேலியை ஒட்டி ஒரு மானாவாரிக் காடு. அதன் சொந்தக்காரர் பிரித்து மனையாக விற்றார். என்னோடு எங்கள் செட்டில் இன்னும் ஆறு பெண்கள் வாங்கினார்கள், என் பேச்சைக் கேட்டுத்தான். மற்ற ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று இடம் தேடுவார்கள். எங்கள் பக்கத்தில் பயர் ஆபீசுக்குப் பக்கம் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்? வேனுக்குக் காத்து நிற்க வேண்டாம், மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோறு சாப்பிடலாம். வரிசையாக நாலு வீடு கட்டிவிட்டால் வெளியூரிலிருந்து வருகிற ஆட்கள் வாடகைக்குக் குடி வருவார்கள். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பத்திரம் பதிகிற அன்று காலையில் தரகர் நகலோடு வந்தார். மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தவள், ஒரு கையில் சடையைப் பிடித்தபடியே தாளை வாங்கிப் படித்தாள்.

“யம்மா, கிழக்கெல்லை பட்டாசுக் கம்பெனி இடம்னு போட்டிருக்கு.”

“அதுக்குத்தான் வாங்குறேன்.”

“வெடி செய்யிற எடத்துக்கு ஒட்டுனாப்புல வீடு கட்ட விடுவாகளா? எங்க டீச்சர் சொன்னாக, அதுக்குனு ஒரு தூரம் இருக்காம்.”

தரகர் சிரித்தார். “யக்கா, ஒங்க மக கலெக்டராயிருவா போல. தூரம் எல்லாம் கம்பெனிக்காரன் பார்க்க வேண்டியது. நமக்கு என்ன?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்தவர் முன்னால் பிள்ளை என்னைத் திருத்துகிறாளே என்று. “ஏட்டி, நான் மண்ணைப் பாத்து எடம் வாங்குறவ. நீ தாளைப் பாத்துப் பரீட்சை எழுது, போ” என்றேன். அவள் தாளை என் மடியில் வைத்துவிட்டு மீதிச் சடையைப் பின்னினாள். அந்த மனையை அவள் பேருக்கே பதிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கோபத்தில் என் பேருக்கே பதிந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் பன்னிரண்டில் நல்ல மார்க் வாங்கினாள். மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. நான்தான் அதைத் தீர்மானித்தது. எங்கள் சொந்தத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தியும் கிடையாது, அவள் முதல் ஆளாக இருக்கட்டும் என்று. சேருவதற்கு ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் மனையை விற்றாக வேண்டும். எனக்கு ஒரு பயமும் இல்லை. நான் வாங்கின இடம் விற்காமல் போகுமா?

விருதுநகரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மண்ணைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. நேரே கம்பெனி வேலிக்குப் போய், உள்ளே இருக்கிற செட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஆபீசுல கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்று போனார். நானும் கூடவே சூலக்கரையில் வீடு கட்ட அனுமதி கொடுக்கிற ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அலுவலர் வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, இந்த இடத்துல வீடு கட்ட அனுமதி கிடைக்காது. வேலிக்கு உள்ள வெடிமருந்து அறை இருக்கு. அதுக்குச் சுத்தி ஆள் குடியிருக்கக் கூடாது. விவசாயம் வேணா பண்ணிக்கலாம்.”

“என் எடம். பத்திரம் இருக்கு.”

“இடம் உங்களுதுதான். நான் இல்லைங்கலையே.”

வாங்க வந்தவர் வெளியிலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே. தவணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் மேனேஜர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கம்பெனியே வாங்கிக்கொள்ளும், வேலியைத் தள்ளிப் போட்டால் மருந்து அறையைச் சுற்றிச் சும்மா விட வேண்டிய இடம் கூடும், அது அவர்களுக்கு நல்லது என்றார். விலை நான் கொடுத்ததில் பாதி.

“வெறுங்காடா போடுறதுக்கு இதுவே அதிகம். யோசிங்க, வேற யாரு வாங்குவா?”

பாதியாக இருந்தாலும் கல்லூரியில் சேர்க்க அது போதும். மீதியை அங்கே இங்கே புரட்டியிருக்கலாம். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறு பெண்களும் செட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி விலைக்கு விற்றால் நான் தோற்றேன் என்று எழுதிக் கொடுத்தது மாதிரி. “என் எடத்துக்கு வெல வரும்போது குடுத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகளிடம் ஒன்று மட்டும் சொன்னேன். “இந்த வருசம் போகட்டும் தாயி. அடுத்த வருசம் சேந்துக்கலாம்.” தவணை முடிந்த மறுநாள் காலையில் நான் வேனுக்குக் கிளம்பும்போது அவளும் தூக்குவாளியோடு வாசலில் நின்றாள்.

“எங்கட்டி கெளம்பிட்ட?”

“வேலைக்கு. மேனேஜர்ட்ட கேட்டாச்சு.”

“படிச்ச புள்ள வெடிக்குத் திரி வைக்கப் போறதா? ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு சொல்றதுக்குத்தான நாம எடத்தையே விக்கல. வா, வேன் வந்துரும்.”

அவள் என்னைக் குத்திப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒருதடவைதான். வேனில் என் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் என்றது அதற்கடுத்த வருடம் ஆனது. நான் ஒவ்வொரு ஆளாகப் பிடித்து மனையைக் காட்டிக்கொண்டிருந்தேன். சூலக்கரை ஆபீசைத் திட்டாத நாள் கிடையாது. ஏழை வாங்கினால் மட்டும் சட்டம் பேசுகிறார்கள் என்று செட்டில் எல்லாரிடமும் சொல்வேன்.

அந்த இரண்டாவது வருடம், தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது மேற்குக் கோடியில் மருந்து கலக்கிற அறை வெடித்தது. நான் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எல்லாப் பெண்களும் வாசலைப் பார்த்து ஓட, நான் எதிர்த்து ஓடினேன். புகையில் ஆள் தெரியவில்லை. யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினேன், விடவில்லை. “யம்மா, நான்தாம்மா” என்ற பிறகுதான் அது அவள் என்று கண்டேன். காலில் செருப்பு இல்லை, காயம் ஒன்றும் இல்லை. என்னை வாசலில் விட்டுவிட்டு, தண்ணீர் தூக்குகிறவர்களோடு திரும்பிப் போனாள். அந்த அறையில் இருந்த இரண்டு பேரும் உயிரோடு வரவில்லை. அதில் ஒருத்தர் காலையில் வேனில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தவர். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் நான் தனியாக என் மனைக்குப் போனேன். என் எல்லைக்கல்லுக்குள்ளே, நான் அடுப்படி வைக்க நினைத்திருந்த இடத்தில், அந்த அறையின் சுவர்த் துண்டு கிடந்தது. இரண்டு ஆள் சேர்ந்தாலும் புரட்ட முடியாத கனம். அதைச் சுற்றிக் கதவுத் தகரம், உருகின பிளாஸ்டிக், கரிந்த புல். வீடு இருந்து, சாப்பாட்டு மணி அடித்த பிறகு வெடித்திருந்தால், நான் சோறு வடித்துக்கொண்டு அங்கேதான் இருப்பேன். நாலு வீட்டில் நாலு குடும்பம் இருந்திருக்கும். நான் வாடகைக்கு வைத்த குடும்பம். அந்த ஆறு பெண்களும் என் பேச்சைக் கேட்டு அங்கேயே வீடு கட்டியிருப்பார்கள்.

அந்தத் துண்டின் மேல் உட்கார எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் நின்றேன். இரண்டு வருடமாக நான் திட்டிய அந்தச் சின்ன அலுவலரின் முகம் ஞாபகம் வந்தது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். இடத்தில் என்ன செய்யலாம் என்று எல்லாரும் கேட்கிறோம். என்ன செய்யக் கூடாது என்று நான் கேட்டதே இல்லை. மறுபடி ஆரம்பித்தால் அதைத்தான் முதலில் கேட்பேன், தரகரிடம் இல்லை, ஆபீசில். பிள்ளையின் படிப்பை இன்னும் விற்காத மண்ணில் கட்டி வைக்க மாட்டேன். நஷ்டத்துக்கு விற்க வேண்டி வந்தால், அடுத்தவர் பார்க்கிறார்களே என்று ஒரு நாளும் தள்ளிப்போட மாட்டேன். படிப்புக்குத் தவணை உண்டு, மண்ணுக்குக் கிடையாது.

கம்பெனி ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்ததும் முதல் ஆளாக மேனேஜரிடம் போனேன். இந்தத் தடவை விலை இன்னும் குறைவு. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். ஆறு பெண்களையும் கூட்டிப் போனேன். என் பேச்சைக் கேட்டு வாங்கினவர்கள் என் பேச்சைக் கேட்டே விற்றார்கள். ஒருத்தி மட்டும் பதிவு ஆபீஸ் வாசலில் கேட்டாள். “மதினி, அடுத்து எங்கன வாங்கச் சொல்லப் போறீக?” குத்தலாகத்தான் கேட்டாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம், நானும் மகளும். “நாளைக்கே மதுரைக்குப் போவோம். இந்த வருசம் எடம் இருக்கானு கேப்போம்” என்றேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். “எனக்கு நர்சு வேண்டாம்மா.”

“ஏன்?”

“அன்னைக்கு அந்த ரெண்டு பேரையும் தூக்கினது நானும்தான். என்னால அதையே நெதம் பாக்க முடியாது.”

அவளும் தூக்கினாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஏழு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

“அப்ப என்ன படிக்கணும்?” இந்தக் கேள்வியை நான் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் உடனே பதில் சொன்னாள். ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த மாதிரி. சிவகாசியில் அச்சாபீஸ்களுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் டிசைன் கற்றுக்கொடுக்கிறார்கள், காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் அதில்தான் போடுகிறார்களாம். எனக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளை உடுப்பு என்று வாய்வரை வந்தது. டீயைக் குடித்தேன்.

அன்றைக்கே பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போனோம். மாடியில் ஒரு சின்ன அறை, வெளியே ஒரு பெஞ்சு. “நீ இரு, நான் கேட்டுட்டு வாறேன்” என்று அவள் உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அங்கே இருந்தவர் ஒரு தாளை நீட்டினார். அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். எதையோ விரல் வைத்துக் காட்டிக் கேட்டாள், அவர் விளக்கினார், மறுபடி கேட்டாள். எனக்கு எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது. முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தேன்.