மச்சான் மீசையைப் பணயம் வைத்த கோல்ஃப்

என் தங்கச்சியின் புருஷன் வாயைத் திறந்தால் சவால்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டனில், மோர்டன் பகுதியில், அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்தோம். ஞாயிறு காலையில் மச்சானும் நானும் கவுன்சிலின், அதாவது நகரசபையின், கோல்ஃப் மைதானத்துக்குப் போவோம். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடிய கை; மச்சான் ஓங்கி அடித்தால் பந்து மரங்களுக்கு மேலால் போய், ஈரப்புல்லில் பொத்தென்று விழுந்து அங்கேயே கிடக்கும். எனக்கோ பந்தை உயர்த்தவே வராது. நிலத்தோடு உருட்டுவேன்.

"மச்சான், நீர் கோல்ஃப் விளையாடுறீரோ, தேங்காய் உருட்டுறீரோ?" என்று நக்கலடிப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

நான் கவுன்சிலில் வடிகால் பகுதி இன்ஜினியர். என் மேலதிகாரி அதிகம் பேசாத வெள்ளைக்காரர். கென்ட் கடற்கரையில் இருந்த ஒரு பழைய லிங்க்ஸ் வகைக் கோல்ஃப் மைதானத்தில் அங்கத்தவர். ஒருநாள் எங்கள் இருவரையும் அங்கே விளையாட அழைத்தார். செய்தியைச் சொன்னபோது தங்கச்சி புட்டு பரிமாறிக்கொண்டிருந்தாள். மச்சான் மீசையைத் தடவினார்.

"பந்தை நூறு தரம் அடிக்க முந்திப் பதினெட்டுக் குழியையும் முடிக்காட்டி, இந்த மீசையை வழிச்சுப்போட்டுத்தான் வீட்டை வருவன்!"

"உங்கட வாய்க்கொழுப்பு ஒருநாள் உங்களை விழுத்தத்தான் போகுது," என்றாள் தங்கச்சி.

அது சும்மா மீசை அல்ல. லண்டனுக்கு வந்த புதிதில், பெற்றோல் ஷெட் வேலையில் எல்லோரும் சின்னப் பெடியன் என்று கேலி செய்ததால் ரோஷத்தில் வளர்த்தது. எண்பதுகளில் கலியாணம் பேசி அனுப்பிய போட்டோவிலும் அதுதான் முன்னுக்கு நின்றது. தங்கச்சி ஹீத்ரோவில் வந்திறங்கி ஆளை அடையாளம் கண்டதும் அதை வைத்துத்தான்.

போய்ப் பார்த்தால் மைதானத்தில் ஒரு மரம்கூட இல்லை. கடல் பின்வாங்கியபோது விட்டுப்போன மணல்மேடுகள், மேலே கட்டைப்புல், முகத்தில் அறைகிற காற்று. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. யாரும் மண்ணை அள்ளிக் கொட்டிச் சமப்படுத்தவில்லை. எங்கே நின்று அடிப்பது, எங்கே குழி வைப்பது என்று தேர்ந்ததுதான் அமைத்தவர் செய்த வேலை என்றார் அதிகாரி. எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். விடியப் பெய்த மழை போன இடம் தெரியவில்லை. ஒரு குழாய் இல்லை, ஒரு மேன்ஹோல் இல்லை! வருஷம் முழுக்க அடைபட்ட வடிகாலோடு மாரடிக்கிறவன் நான். அந்த மணலைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மச்சான் வழக்கம்போல வானத்துக்கு அடித்தார். காற்று பந்தைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளியது. விழுந்த இடமும் காய்ந்த தரை. பந்து நிற்காமல் துள்ளி ஓடி, பங்கர் என்கிற மணற்பள்ளம் ஒன்றுக்குள் போய் இறங்கியது. எங்கள் கவுன்சில் மைதானத்துப் பங்கர் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும். இது வட்டக் கிணறு. சுவரெல்லாம் அடுக்கிக் கட்டிய புற்கட்டி. உள்ளே இறங்கிய மச்சானின் தொப்பி மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. மணல் வெளியே வந்தது, பந்து வரவில்லை.

"இந்தக் கிணத்தை ஆர் இஞ்ச வெட்டினது? அவன்ர தலையில இடி விழ!"

கடைசியில் வந்த வழிக்கே திருப்பி அடித்துத்தான் வெளியே வந்தார். என் உருட்டல் பந்தோ காற்றுக்குக் கீழால், மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, தன்பாட்டில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன்வரை போனது. எனக்கு வந்த பெருமையும் புளுகமும் கொஞ்சநஞ்சமல்ல.

"பாரும் மச்சான், தேங்காய் எப்பிடி உருளுது எண்டு!"

அந்த மைதானத்தின் சூழ்ச்சி மெல்லத்தான் விளங்கியது. குழிக்கு நேரே போகிற வழி அகலமாக, ஆசை காட்டிக்கொண்டு இருக்கும். அதன் நுனியில் ஒரு கிணறு காத்திருக்கும். சுற்றிப் போகிறவனுக்கு ஆபத்தில்லை. பாதி ஆட்டத்தில் மச்சான் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, "அந்த உருட்டை எனக்கும் ஒருக்காக் காட்டும்," என்றார். காட்டினேன். அதற்குப் பிறகு அவரும் உருட்டி உருட்டியே அடிகளை மிச்சம் பிடித்தார்.

கடைசிக் குழிக்குக் குறுக்கே ஒரு பெரிய மணல்மேடு. கிரீன் அதற்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாது. மேட்டு உச்சியில் நட்ட கம்பத்தைக் குறிவைத்துக் கண்ணை மூடி அடிக்க வேண்டியதுதான். ஏறி இறங்கிப் பார்த்தால் மச்சானின் பந்து கிரீனிலேயே கிடந்தது. அடிகளை எண்ணிப் பார்த்தோம், தொண்ணூற்றேழு. இன்னும் இரண்டு அடியில் குழிக்குள் போட்டால் தொண்ணூற்றொன்பது. மீசை பிழைக்கும்.

கிரீன் ஓரத்தில் ஒரு பழைய மணி, கயிற்றோடு தொங்கியது. ஆடி முடித்து விலகிப் போகிறவர்கள்தான் அதை அடிப்பார்கள். மேட்டுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு, 'வழி விட்டாயிற்று, அடியுங்கள்' என்று அதற்கு அர்த்தம். அதிகாரி இதை எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் புல்லுக்குள் என் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

கோயில் மணிக்கயிற்றைப் போட்டி போட்டு இழுத்து வளர்ந்த ஆள் மச்சான். கயிற்றைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, பூசைக்கு அடிப்பதுபோல டாண் டாணென்று அடித்தார். பிறகு கிரீன் நடுவில் நின்று தலையில் குட்டி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடத் தொடங்கினார்.

"ஓடுங்கள்!" என்று அதிகாரி கத்தினார். அதற்குள் மேட்டுக்கு மேலால் ஒரு பந்து சீறிக்கொண்டு வந்தது. நல்லகாலம், மச்சான் குந்தியிருந்தார். தலைக்கு மேலால் போய்விட்டது. அடுத்த பந்து தரையில் குத்தி, உருண்டு வந்து, மச்சானின் பந்தில் இடித்து அதை நேரே குழிக்குள் தள்ளியது.

"பிள்ளையாரே!" மச்சான் துள்ளிக் குதித்தார்.

பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைக்க வேண்டும், அதுதான் விதி என்றார் அதிகாரி. "கடவுள் தந்ததைத் திருப்பிக் குடுக்கிறதோ?" என்று மச்சான் என்னிடம் சண்டைக்கு வந்தார். அந்நேரம் முகம் சிவக்க நாலு கிழவர்கள் மேட்டில் இறங்கி வந்தார்கள். மணி அடித்தது யாரென்று ஒருவர் உறுமினார்.

"நான்தான் சார். கும்பிட்டேன்," என்றார் மச்சான் ஆங்கிலத்தில்.

நான் மீசைக் கதையைச் சொன்னேன். கிழவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். பிறகு கிரீனைச் சுற்றி நின்றார்கள், பார்க்க. மச்சான் பந்தைத் திருப்பி வைத்து அடித்தார். சரிவு அதை இழுத்து, குழிக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தியது. அடுத்த அடி. பந்து குழி விளிம்பைச் சுற்றியது, எட்டிப் பார்த்தது, வெளியே நின்றுகொண்டது. இனிப் போட்டாலும் நூறுதான். எல்லோரும் ஒரே குரலில் கத்திவிட்டோம்.

விளையாட்டுக்குச் சொன்னதை விட்டுவிடச் சொல்லிக் கிழவர்கள்கூடக் கெஞ்சினார்கள்.

"மணி அடிச்சுக் கும்பிட்டுப்போட்டு ஏமாத்த ஏலாது மச்சான்," என்று உடைமாற்றும் அறைக்குள் போனவர், மொட்டை உதட்டோடு வெளியே வந்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

காரில் வழிநெடுக வாயைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தார். மோர்டன் கிட்டத்தான் பேசினார்.

"அவள் ஓம் எண்டது மீசை வைச்ச ஆளுக்கு. இந்த மூஞ்சையை அவள் கண்டதேயில்லை. பிடிக்காட்டி?"

இவ்வளவு பயம் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

தங்கச்சி கதவைத் திறந்தாள். மச்சான் மெல்லக் கையை எடுத்தார். அவள் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். மூத்த தமையன் எனக்கு முன்னால் புருஷனுக்குப் பக்கத்தில்கூட இருக்காதவள், விரலை நீட்டி அந்த மேலுதட்டைத் தொட்டாள்.

"இவ்வளவு காலமும் இந்தாளை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?"

மச்சானின் காது சிவந்ததை அன்றுதான் கண்டேன். நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"அண்ணை," என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே. "தேத்தண்ணி நாளைக்குக் குடிக்கலாம். இப்ப நீங்கள் வீட்டை போங்கோ."