டென்சிலிடம் யாரும் கேட்காத கேள்வி

ஆண்டர்சன்பேட்டையில் பாட்டுக்கார டென்சிலைத் தெரியாதவர்கள் கிடையாது. பிறவியிலேயே பார்வை இல்லை. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த அவர் அப்பா, மகனை எட்டு வயதில் சர்ச் பாட்டுக் குழுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றைக்குப் பிடித்த மைக்கை டென்சில் நாற்பது வருஷம் விடவில்லை.

நான் முருகன் கோயிலுக்குப் போகிற ஆள். ஆனாலும் அவர் பாட ஆரம்பித்தால் நின்றுவிடுவேன். அப்பா, என்ன குரல்! ஒரே பாட்டில் முதல் சரணம் தமிழ், அடுத்தது தெலுங்கு, அதற்கடுத்தது கன்னடம். கூட்டத்தில் ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாதாம். மனைவி இசபெல்லா வரிவரியாகப் படித்துக்காட்டுவார். இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்காது.

சுகமளிக்கும் கூட்டங்கள்தான் அவர் பிழைப்பு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிரசங்கியார் வந்தாலும், பாட்டு முடிந்ததும் டென்சிலின் கண்ணில் கை வைத்து ஜெபிப்பார். டென்சில் குனிந்து நின்று ஆமென் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார். பலித்ததா என்று யாரும் கேட்டதில்லை.

போன டிசம்பரில் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் சும்மா இருக்கவில்லை. முன்னதாகவே டென்சிலைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டு, "வெளிச்சம் தெரியுதுன்னு சொன்னா போதும் பிரதர். இனிமே நம்ம கூட்டம் எல்லாத்துலயும் நீங்கதான்" என்றாராம். சொல்லாவிட்டால் வேறு ஆள் என்று அர்த்தம். எவ்வளவு தைரியம் பாருங்கள்!

மேடையில் ஜெபம் முடிந்தது. "பிரதர், என்ன தெரியுது?" என்று மைக்கை நீட்டினார்.

"ஒண்ணும் தெரியலீங்க ஐயா. அடுத்த பாட்டு பாடட்டுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிரசங்கியாருக்கு முகம் செத்துவிட்டது. மைக்கை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். அதோடு சரி. ஈஸ்டர் வந்து போயிற்று, டென்சிலை ஒரு மேடைக்கும் கூப்பிடவில்லை. இப்போது சாவு வீடுகளில் மட்டும் பாடுகிறார்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இருவரும் ஓர் அடக்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இசபெல்லா என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

"நீங்களே கேளுங்க மனோகரண்ணா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா கொறைஞ்சிருக்கும் இவருக்கு?"

டென்சில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "தெரியுதுன்னு சொல்லிட்டு, அப்பறம் ஊரு முன்னாடி உன் கையைப் புடிச்சிக்கினு எப்டி நடக்கறது?"

இசபெல்லா அவருடைய செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.